ஆணா பெண்ணா என்று கேட்ட ஆத்தாவுக்குப் பதில் சொல்லுங்கள்

பாலக்காட்டின் கிழக்கெல்லைத் தமிழ் ஊர்களில் பாம்புக்கடி விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் ஊர் அங்கன்வாடியில் ஒரு கூட்டம். பாதிப் பேர் கடலைக்காட்டில் களையெடுத்துவிட்டு மண் காலோடு வந்திருந்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு ஆத்தா கேட்டார்: "ஏஞ்சாமி, கடிச்சது ஆணா பொண்ணான்னு எப்புடிக் கண்டுபுடிக்கிறது? பொண்ணுக்குத்தான் வெசம் சாஸ்தின்னு சொல்றாங்களே?" பேச வந்தவர் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். ஆத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் அந்த வரிசையில் யாரும் வாய் திறக்கவில்லை.

அது சிரிக்கிற கேள்வி இல்லை. பிரேசிலில் ஜராராக்கா என்றொரு விரியன் உண்டு. ஒரே தாய்க்குப் பிறந்த 18 ஜராராக்காக்களின் நஞ்சை ஒப்பிட்ட ஆய்வு 2006இல் வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் புரதக் கலவை வேறாக இருந்தது. ரத்தக்கசிவு உண்டாக்குவதில் ஆணின் நஞ்சு முந்தும், ரத்தத்தை உறைய வைப்பதில் பெண்ணின் நஞ்சு முந்தும். பெண்ணுக்கு உடம்பும் பெரிது, நஞ்சின் அளவும் கூடுதல். ஆத்தா கேள்விப்பட்டது முழுப் பொய் இல்லை, பாருங்கள். ஆனால் அது அந்த விரியனின் சங்கதி. எல்லாப் பாம்புக்கும் அதையே சொல்லிவிட முடியாது.

நம் பக்கத்துச் சிக்கல் வேறு. இங்கே பலர் 'ஆண்' என்பது சாரையை. நல்லபாம்பு அதற்குப் பெண்ணாம். சாரை தனி இனம், விஷமே இல்லாதது. வரப்பில் இரண்டு சாரை பின்னிக்கொண்டு எழுந்தால் சோடி சேருகிறது என்று துண்டைப் போட ஓடுவார்கள். பெரும்பாலும் இரண்டுமே ஆண், நடப்பது மல்லுக்கட்டு. "சாரைதான் தீண்டுச்சு" என்று இருட்டில் பார்த்ததை நம்பி வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவதுதான் ஆபத்து.

பழைய விஷ வைத்தியத்தில் ஒரு கணக்கு உண்டு: ஆண் கடித்தால் பார்வை மேலே போகும், பெண் கடித்தால் கீழே. இமை சரிந்து கண் திறக்க முடியாமல் போனால் நாகமோ கட்டுவிரியனோ கடித்து நஞ்சு நரம்பைப் பிடித்திருக்கலாம். அப்போது ஆணா பெண்ணா என்று பேசிக்கொண்டு நின்றால் மூச்சு நின்றுவிடும்.

இதையெல்லாம் ஆத்தாவிடம் சொல்லுங்கள். வாலைப் பார்த்து ஆண், பெண் சொல்லலாம்தான். அதற்குப் பாம்பைக் கையில் பிடிக்க வேண்டும், வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்து. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் பாம்பு பிடிக்கும் இருளர்கள் எடுத்துத் தரும் நஞ்சைக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது. ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று கிடையாது. ஆஸ்பத்திரியில் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் தண்ணீராக ஓடினால் விரியன் நஞ்சு ஏறியிருக்கிறது என்று மருந்தைத் தொடங்கிவிடுவார்கள்.

இன்னொன்று. உங்கள் படத்தில் 'அணலி' என்று மலையாளத்தில் மட்டும் போட்டிருந்தது. எங்கள் பெண்களுக்கு அது கண்ணாடி விரியன். அதையும் கீழே தமிழில் எழுதிவிடுங்கள்.

ஆத்தா அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டேன் என்கிறார். வீடு அங்கன்வாடிக்குப் பின்சந்துதான். யாராவது போய்க் கூப்பிட்டால் வருவார்.

இப்படிக்கு,
கடலைக்காட்டு விவசாயி ஒருவன்