சேரவே பணம் கேட்டால் அது அஃபிலியேட் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கும் என் அக்கா மகன், போன மாதம் 4,999 ரூபாய் கட்டி ஒரு 'அஃபிலியேட் புரோகிராமில்' சேர்ந்துவிட்டான். அஃபிலியேட் என்றால், ஒரு கம்பெனியின் பொருளுக்கு லிங்க் கொடுத்து, அதன் வழியாக யாராவது வாங்கினால் கமிஷன் பெறுவது. என்னடா விற்கணும் என்று கேட்டால் முழித்தான், அப்புறம் போனை நீட்டினான். அதில் இருந்தது ஒரு வீடியோ கோர்ஸ், அந்தக் கோர்ஸ் சொல்லித் தருவதோ அதே கோர்ஸை அடுத்தவர் தலையில் கட்டுவது எப்படி என்பதை! அவன் வாட்ஸ்அப்பைப் பார்த்தேன். பள்ளிக்கூட நண்பர்கள் பாதிப் பேர் பதில் போடுவதையே நிறுத்தியிருந்தார்கள். வயிற்றெரிச்சலாக இருந்தது.

நான் மூன்று வருடமாக யூடியூபில் சமையல் பாத்திரங்களைப் பற்றி வீடியோ போட்டு, கீழே லிங்க் கொடுத்துக் கொஞ்சம் சம்பாதிக்கிறவள். அமேசான் 1996-லேயே ஆரம்பித்த அசோசியேட்ஸ் திட்டத்தில் சேர ஒரு பைசா கட்ட வேண்டாம். பொருள் விற்றால்தான் நமக்குப் பணம். ஆள் சேர்த்தால் பணம் என்றால் அது சங்கிலி வியாபாரம், அதைத் தடுக்க 1978-லேயே சட்டம் இருக்கிறது.

சரி, நியாயமான திட்டங்களிலேயே எதில் சேருவது? எல்லோரும் கமிஷன் சதவீதத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள், நானும் அப்படித்தான் பார்த்தேன். ஆனால் குக்கீ, அதாவது லிங்க்கைத் தொட்டவர் நம் மூலம் வந்தவர் என்று காட்டும் அடையாளம், எத்தனை நாளைக்கு என்பதையும் கேட்க வேண்டும். அமேசானில் அது 24 மணி நேரம்தான். நம் வீடுகளில் கிரைண்டர் வாங்குவதென்றால் இன்றைக்கு லிங்க்கைத் தொட்டுப் பார்த்து, ராத்திரி வீட்டுக்காரரிடம் கேட்டு, சம்பளம் வந்த பிறகு வாங்குவார்கள், அதற்குள் நம் கணக்கு முடிந்துவிடும். ஆனால் அந்த 24 மணி நேரத்துக்குள் கார்ட்டில் போட்டு வைத்துவிட்டால் சுமார் 90 நாள் வரை அது நம் கணக்கில்தான் இருக்கும். இது தெரிந்த பிறகு ஒவ்வொரு வீடியோவிலும் 'பிடித்திருந்தால் இப்போதே கார்ட்டில் போட்டு வையுங்கள்' என்று சொல்கிறேன், வருமானத்தில் நன்றாகவே வித்தியாசம் தெரிகிறது. பொருளைத் திருப்பி அனுப்பினால் கமிஷனும் போய்விடும், அதனால் அடிக்கடி ரிட்டர்ன் ஆகும் சாமான் பக்கமே நான் போவதில்லை.

வெப்சைட் நடத்த இணையத்தில் இடம் வாடகைக்குத் தரும் வெப் ஹோஸ்டிங் கம்பெனிகள் ஒரு விற்பனைக்கே ஆயிரக்கணக்கில் தருகின்றன, உண்மைதான். ஆனால் இட்லிப் பாத்திரம் பார்க்க வருகிறவருக்கு அது எதற்கு? அப்புறம் ஒரே திட்டத்தை நம்பி உட்காரவும் கூடாது. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அமேசான், மரச்சாமான்களுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக ஒரேயடியாகக் குறைத்தது, அதையே நம்பியிருந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

லிங்க்கில் எனக்குக் கமிஷன் உண்டு என்பதை நான் வீடியோவிலேயே சொல்லிவிடுவேன். விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-லிருந்தே இதை வெளிப்படையாகச் சொல்லச் சொல்கிறது, சொன்னதால் யாரும் வாங்காமல் போனதில்லை.

அக்கா மகன் கட்டிய பணம் இன்னும் திரும்பவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறோம். இப்போது அவன் காலேஜ் வாசலிலேயே இந்த மாதிரித் திட்டங்களுக்கு நோட்டீஸ் கொடுக்கிறார்களாம். தயவுசெய்து ஒரு நிருபரை அனுப்பி, விசாரித்து எழுதச் சொல்லுங்கள்.

— ஒரு வாசகி, சேலம்