எங்கட கசெட் ரெக்கோடிங் சங்கம்: செயலாளரின்ட ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் வழமைபோல வெள்ளவத்தையில நடந்தது. பொங்கல் ஒன்றுகூடல் நடந்தது. பழைய கசெட் பரிமாற்றம் மழையால தள்ளிப்போய் பிறகு நடந்தது, வந்தாக்கள் குறைவு.

இனி நாலு ட்ராக் மெஷின் விஷயம், அதாவது நாலு சத்தத்தத் தனித்தனியாப் பதிஞ்சு பிறகு கலக்கிற கசெட் ரெக்கோடர். அன்பளிப்பா வந்த டாஸ்காம் 244 கனகாலமா அலுமாரிக்குள்ள கிடந்தது, திருத்துற பொறுப்ப நான் எடுத்தன், போன்லயே பதியலாமே இதுக்கேன் காசு எண்டு கமிட்டியிலயே கேட்டவை, அதாலதான் விவரமா எழுதுறன். சாதாரண கசெட்டில ஒரு பக்கத்துக்கு ரெண்டு தடம், மற்றப் பக்கத்துக்கு ரெண்டு. 1979ல வந்த டாஸ்காம் போர்டஸ்டூடியோ 144 அந்த நாலையும் ஒரே திசையில ஓட்டி நாலு தனி ட்ராக்காக்கினது. எங்கட 244 அதுக்கு அடுத்தது, 1982 மொடல். ரேப் இரட்டிப்பு வேகத்தில, செக்கனுக்கு 9.5 சென்ரிமீற்றர் ஓடும், அதால சத்தம் தெளிவு, ஆனா 60 நிமிஷக் கசெட்டில 15 நிமிஷம்தான்.

பழைய பெல்ட் கறுப்புப் பசையா புல்லியில ஒட்டிப்போய் இருந்தது. அற்ககோலும் பஞ்சுக்குச்சியும் வச்சு சுரண்டி எடுத்தன். புதுப் பெல்ட் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில கிடைக்கேல்ல, வெளிநாட்டில இருந்துதான் எடுப்பிச்சது.

இந்த மெஷினில மிருதங்கம் பதிஞ்சத கேட்டாக்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. தொப்பியில, அதுதான் மிருதங்கத்தின்ட தடிச்ச சத்தம் வாற பக்கத்தில, அடி விழ மீட்டர் சிவப்புக்குப் போகும், டிஜிட்டல்ல எண்டா கரகரத்து உடைஞ்சிருக்கும், ரேப்பில அது முனை மழுங்கி கும்மெண்டு உருண்டு வருது. தம்புரா அடங்கேக்க பின்னால இரைச்சல் கேக்கும், எனக்கு அதுவும் பிடிக்கும். குரல், வயலின், மிருதங்கம் மூண்டையும் கலந்து நாலாவது ட்ராக்குக்கு மாத்தினா மூண்டு ட்ராக் திரும்பக் காலி, அதில கடம் கஞ்சிரா போடலாம். ஆனா பழசுக்கு மேல பதிஞ்சாப் பிறகு வயலின் கூடிப்போச்சு எண்டு குறைக்கேலாது. அதால முதலே எல்லாரும் ஒண்டா இருந்து கேட்டு முடிவெடுக்கோணும். ஆளாளுக்கு வீட்டில பதிஞ்சு அனுப்புற வேலை இதில சரிவராது, நான் இந்த மெஷினுக்காக நிண்டதே அதுக்குத்தான்.

அதுக்கு ஆக்கள் வரோணுமே. வாட்ஸ்அப்பில வாறம் எண்டாக்கள் கனபேர், ஞாயிறு பின்னேரம் வந்தது அதே நாலஞ்சு முகம். பிள்ளையின்ட டியூஷன், ட்ராபிக், எல்லாம் விளங்குது, வராட்டி முதல் நாளே சொல்லுங்கோ. கொட்டாஞ்சேனையில இருந்து மிருதங்கத்த தூக்கிக்கொண்டு பஸ்ஸில வந்த மனுசன், பாடுறாக்கள் வராமல் காத்திருந்து திரும்பிப் போனவர். எனக்கு அது சரியான கவலை.

கணக்கு பொருளாளரிட்ட இருக்கு. வந்தது வாடகைக்கும் கசெட்டுக்கும் திருத்த வேலைக்கும் கிட்டத்தட்ட சரியாப் போச்சு, சின்ன மிச்சம் இருக்கு. ரெண்டு வருஷச் சந்தா குடுக்காதாக்களும் இருக்கினம், பேர் போடேல்ல.

தலைவர், பொருளாளர், இடம் தந்த குடும்பம், தேத்தண்ணி போட்ட அக்காமார் எல்லாருக்கும் நன்றி.

வாற வருஷம் பிஞ்ச் ரோலர், அதுதான் ரேப்ப அழுத்தி இழுக்கிற ரப்பர் உருளை, மாத்தியே ஆகோணும், ரப்பர் இறுகிப்போச்சு, சுருதி லேசா ஆடத் தொடங்கிட்டு. குரோம் கசெட்டும் முடியப்போகுது. செயலாளர் பதவிய வேற ஆள் எடுத்தா சந்தோசமாக் குடுப்பன், ரேப் உரசிப் போற ஹெட்ட துடைக்கப் பழக்கியும் விடுவன். சந்தாவ மாசக் கடைசிக்குள்ள பொருளாளரிட்ட குடுத்தா ரோலருக்கு ஓடர் போடலாம்.

செயலாளர்