ரோபோப் போட்டிக்கு மண்டபம் மறுத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மண்டப நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். எங்கள் ரோபோ மோதல் போட்டிக்குத் தந்திருந்த அனுமதியைப் பொதுமக்கள் பாதுகாப்பு என்ற காரணம் காட்டி, போட்டிக்கு முதல் நாள் மாலை இரத்துச் செய்தீர்கள். அதையும் காவலாளி வந்து சொல்லித்தான் அறிந்தோம். விண்ணப்பம், பற்றுச்சீட்டு, விதிமுறைப் பிரதி எல்லாம் உங்கள் கோப்பில் இருக்கின்றன. பழைய கதையை மீண்டும் எழுதவில்லை.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது நியாயமே. 150 கிராம் எடையில், நான்கு அங்குலப் பெட்டிக்குள் அடங்கிவிடும் சின்ன ரோபோதான். ஆனாலும் அதில் சுழலும் தகடு விரலைக் கிழிக்கும். உடைந்த துண்டு கண்ணுக்குப் பறக்கும். குத்துப்பட்ட லித்தியம் பற்றரி தீப்பிடிக்கும். அதனால்தான் நான்கு பக்கமும் மேலேயும் பொலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக் தகடு பொருத்திய களம் ஒன்றைச் செய்தோம். களத்துக்குள் வைத்த பிறகே ரோபோவுக்கு மின் இணைப்பு. கதவு பூட்டிய பிறகே ரோபோவின் தகடு சுழலும். ரிமோட்டின் சமிக்ஞை அறுந்தால் மோட்டார் தானாக நிற்க வேண்டும். நிற்காத ரோபோ களம் ஏறாது. பற்றரிகள் தீத்தாங்கும் பைக்குள், ஒருவர் காவலிருக்க, தனி மேசையில் சார்ஜ் ஆகும்.

இந்தக் களத்துக்குத் தலைக்கு மேல் கூரையும் அடியில் சமதரையும் வேண்டும். மலையில் அவை எவ்வளவு அரிது என்பது உங்களுக்குத் தெரியாததா? மறுநாள், வந்துவிட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப மனமின்றி, தோட்ட மைதானத்தில் களத்தைப் பொருத்தினோம். தரை சரிவு. இரும்புச் சட்டம் முறுக்கிக்கொண்டது. கதவோரம் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. கல் வைத்தோம், பலகை செருகினோம். ஒரு மூலையை உயர்த்தினால் எதிர் மூலை அந்தரத்தில் நின்றது. கதவு மூடாவிட்டால் போட்டியில்லை என்பது எங்கள் சொந்த விதி. பிறகு மழையும் பிடித்துக்கொண்டது. மஸ்கெலியாவிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் முதல் பஸ்ஸில் வந்த பிள்ளைகள், ரோபோக்களைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மாலைவரை உட்கார்ந்திருந்தார்கள். கொழும்புக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட்டுப் புறக்கோட்டையில் வாங்கிய மோட்டார்கள், பழுதான ட்ரோனில் கழற்றிய பாகங்கள், எல்லாம் ஒரு மோதல்கூட இல்லாமல் வீடு திரும்பின.

வீடு திரும்பியவை சும்மா இருக்குமா? லயன் வீட்டு வாசலில் ஓடும். தம்பி தங்கைகள் சுற்றிக் குந்தியிருக்க, நடுவில் ஒரு மறைப்பும் இல்லாமல் ஓடும். அப்படித்தான் ஓட்டிப் பார்த்தேன் என்று ஒரு பையன் பெருமையாகச் சொன்னபோது எனக்குக் குலை நடுங்கியது. சுழலும் தகட்டைப் பிள்ளைகளோடு அனுப்பிவிட்டு, அதை அடைத்துவைக்கச் செய்த களத்தை மட்டும் எங்களிடம் விட்டிருக்கிறீர்கள். ஆகவே கேட்கிறோம்: ஒரே ஒரு நாள் மண்டபத்தைத் தாருங்கள்.

கல்யாணம் என்றால் அதே மண்டப வாசலில் சரவெடி வெடிக்கிறது. அப்போது பொதுமக்கள் எங்கே போனார்களோ தெரியவில்லை. 2023இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, நம் பிள்ளைகள் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தொழில்நுட்பத்தைக் கையிலெடுக்க வேண்டும் என்று முழங்கியதும் அந்த மேடையில்தான். கைதட்டியவர்களில் நானும் ஒருவன். எடுத்துவிட்டார்கள், ஐயா. இனி அதைக் கீழே வைக்கச் சொல்வதா? மேடைக்கு மேலே ஒழுகும் கூரை யாருடைய பாதுகாப்பில் சேரும் என்றும் கேட்கத் தோன்றுகிறது. அது வேறு மடலுக்கான விடயம், மன்னிக்கவும்.

எங்கள் வேண்டுகோள் அந்த ஒரு நாள் மட்டுமே. முடிவெடுப்பதற்கு முன் தயவுசெய்து வந்து பாருங்கள். நீங்கள் சொல்லும் மாலையில் மண்டபத்திலேயே களத்தைப் பொருத்தி, ரோபோக்களை ஓட்டிக் காட்டுகிறோம். தீயணைப்புப் பிரிவினரையும் அழைத்து வாருங்கள். களத்தின் பிளாஸ்டிக் தகடு போதாது என்று அவர்கள் சொன்னால், தடித்த தகடு வாங்கும்வரை நாங்களே போட்டியைத் தள்ளிவைப்போம். மறுப்பதே முடிவு என்றால், காரணத்தை எழுத்தில், பிள்ளைகள் பஸ் ஏறுவதற்கு முன் தாருங்கள். நாங்கள் கட்டிய பணத்தையும் அதோடு சேர்த்து அனுப்பினால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
போட்டி ஏற்பாட்டாளர்கள் சார்பில்
ஒருவன்