விமான நிலைய வாசலுக்கு வரும் முன்பே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அருப்புக்கோட்டையில் பஸ், ரயில், விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை நடத்துகிறேன். உள்நாட்டு விமானத்தில் போக என்ன அடையாள அட்டை வேண்டும் என்று கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்கிறார்கள், கேட்காதவர்களுக்கு நாங்களே சொல்லி அனுப்புகிறோம். ஆனால் இப்போதெல்லாம் டிக்கெட்டை மகனோ மகளோ வெளியூரிலிருந்து போனிலேயே போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். பயணம் செய்யப்போகிற அப்பா அம்மாவுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. அவர்கள்தான் மதுரை விமான நிலைய வாசலில் பையோடு தவித்து நிற்கிறார்கள்.

விதி ஒன்றும் கடுமையானது இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆதார் இல்லாவிட்டால் விமானமே ஏற முடியாது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அது தப்பு. விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பைக் கவனிக்கும் பி.சி.ஏ.எஸ். அமைப்பு 2017 அக்டோபரில் ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, ஆதார் அல்லது எம்-ஆதார், பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் இருக்கின்றன. வேலை பார்க்கும் இடத்தின் அடையாள அட்டை, மாணவர் அடையாள அட்டை, போட்டோவில் முத்திரை குத்திய தேசியமயமாக்கப்பட்ட வங்கியின் பாஸ்புக், போட்டோ உள்ள பென்ஷன் புத்தகம், மாற்றுத்திறனாளி அட்டை என்று மொத்தம் பத்து. ஏதாவது ஒன்று போதும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பென்ஷன் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு, கிடைக்காத ஆதாரைத் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன். பத்தில் எதுவுமே இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது, மத்திய அல்லது மாநில அரசின் குரூப் ஏ கெசட்டட் அதிகாரி ஒருவர் தன் லெட்டர்ஹெட்டில் போட்டோவோடு கொடுக்கும் சான்று போதும். கவுன்சிலர் கொடுத்த கடிதமோ வி.ஏ.ஓ. கடிதமோ அங்கே செல்லாது.

குழப்பம் ரயிலிலிருந்து வருகிறது. ரயிலில் ஒரே டிக்கெட்டில் ஆறு பேர் போனாலும் ஒருவர் ஒரிஜினல் அட்டையைக் காட்டினால் போதும், டி.டி.ஆர். மற்றவர்களைக் கேட்பதில்லை. காலம் முழுக்க அப்படியே பயணம் செய்து பழகிய குடும்பம் விமானத்துக்கும் அதே பழக்கத்தோடு வருகிறது. விமானத்தில் பெரியவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக அவரவர் அட்டையைக் காட்ட வேண்டும். இந்த ஒரு வரியை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிப் பிரச்சினை முடிந்துவிடும்.

எங்கள் தெருக்காரர் ஒருவர் மனைவியோடு ஹைதராபாத்துக்குக் கிளம்பினார், மகள் வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. டிக்கெட்டை மருமகன் போட்டிருந்தார். வாசலில் இவர் தன் ஆதாரைக் காட்டினார், சரி என்று விட்டார்கள். மனைவிக்கு ரேஷன் கார்டைக் கொடுத்தார். அந்த அம்மா பெயர் அதில் இருக்கிறது, ஆனால் போட்டோ குடும்பத் தலைவரான இவருடையது. அதை வைத்துக்கொண்டு அந்த அம்மா யார் என்று எப்படிச் சொல்ல முடியும்? வாசலில் காவலுக்கு நின்ற சி.ஐ.எஸ்.எஃப். (மத்திய தொழில் பாதுகாப்புப் படை) வீரர் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார், ஆனால் இந்தியில். இவருக்குப் புரிந்தது "நஹி" மட்டும்தான். அடுத்து மருத்துவக் காப்பீட்டு அட்டையை எடுத்தார், பிறகு கூட்டுறவு வங்கி பாஸ்புக். வீட்டில் இருந்த முக்கியமான காகிதம் எல்லாம் அந்த மஞ்சள் பையில் இருந்திருக்கிறது, அந்த அம்மாவின் ஆதார் மட்டும் பீரோவில். பக்கத்து வீட்டுப் பையன் பைக்கில் எடுத்துக்கொண்டு பறந்து வந்தான். அதற்குள் விமான நிறுவனத்தின் கவுன்டரை மூடிவிட்டார்கள். மருமகன் மறுநாளைக்கு வேறு டிக்கெட் போட்டார், அவசரத்தில் போடும் டிக்கெட் என்ன விலை விற்கும் என்று உங்களுக்குத் தெரியும். "என்னாலதானே இவ்வளவு காசு போச்சு" என்று அந்த அம்மா எங்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் மேல் என்ன தப்பு? அந்த வீரர் மேலும் தப்பில்லை. 1999-ல் காந்தஹாருக்கு விமானத்தைக் கடத்திப் போனதற்கு அப்புறம்தான் சி.ஐ.எஸ்.எஃப். விமான நிலையங்களுக்கு வந்தது, அவர்கள் தளர்ந்துபோக வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஜெராக்ஸ் விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஆதாரைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் செய்து ஒரிஜினல் மாதிரியே வைத்திருக்கிறார்கள், அது ஜெராக்ஸ்தான். போனில் ஆதாரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு எம்-ஆதார் என்கிறார்கள். எம்-ஆதார் என்பது ஆதார் ஆணையத்தின் செயலி, அதைத் திறக்க ஆதாரில் பதிந்த நம்பருக்கு ஓ.டி.பி. வர வேண்டும். பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு அது எங்கே முடியும்? டிஜி யாத்ரா வந்தது நல்ல வசதி, முகத்தைக் காட்டிவிட்டு உள்ளே போகலாம். 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கியதைப் பல ஊர்களுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள், ஆனால் அதற்கும் ஸ்மார்ட்போனும் ஆதாரோடு சேர்த்த நம்பரும் வேண்டும். முதல்முறை விமானம் ஏறும் பாட்டிக்கு அட்டைதான் கதி.

அட்டை சரியாக இருந்தாலும் அடுத்தது பெயர். இதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, இன்ஷியல்தான். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா இன்ஷியல், பிறகு சிலருக்குக் கணவர் இன்ஷியல். ஆதாரில் ஒன்று, வாக்காளர் அட்டையில் ஒன்று, பான் கார்டில் அப்பா பெயரே முழுசாக நீண்டு நிற்கும். அழகம்மாள் என்ற பெயரில் வரும் ழகரத்துக்கு ஒரு அட்டையில் இசட்-எச், இன்னொன்றில் வெறும் எல். இப்படிப்பட்டவருக்கு டிக்கெட் போட உட்கார்ந்தால் கம்ப்யூட்டர் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு கட்டத்தைக் காட்டுகிறது. லாஸ்ட் நேமைக் காலியாக விட முடியாது. சில தளங்களில் ஒற்றை எழுத்து இன்ஷியலையும் ஏற்றுக்கொள்வதில்லை. அப்போது ஒருவர் கணவர் பெயரைப் போடுகிறார், ஒருவர் அப்பா பெயரைப் போடுகிறார், இன்னொருவர் அதே பெயரை இரண்டு தடவை போடுகிறார். டிக்கெட்டில் அழகம்மாள் அழகம்மாள் என்று வரும். வாசலில் நிற்பவர் இதைப் பார்த்துவிட்டு முகத்தையும் போட்டோவையும் ஒத்துப் பார்த்து விட்டுவிடுவார், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் இன்னொரு நாள் இன்னொருவர் பணியில் இருந்தால், இது வேறு பெயர், விமான நிறுவனத்திடம் போய் சரி பண்ணிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பிவிடுகிறார். விமானம் புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போது எழுபது வயதுக்காரர் எங்கே போய் எதைச் சரி பண்ணுவார்? நாங்கள் எங்கள் கடையில் பின்பற்றும் முறை ஒன்றுதான், எந்த அட்டையைக் கையில் கொண்டுபோகப் போகிறீர்களோ அதைக் கொடுங்கள் என்று வாங்கி, அதில் உள்ள எழுத்தைப் பார்த்துத்தான் அடிப்போம். போனில் பெயரைச் சொல்லி டிக்கெட் போடச் சொன்னால் போடுவதில்லை.

தவறு நேர்ந்தாலும் டிக்கெட் போட்ட 24 மணி நேரத்துக்குள் சொன்னால் அதே ஆளின் பெயரைத் திருத்தக் கட்டணம் வாங்கக் கூடாது என்று விமான நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ. அமைப்பு விதி வைத்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் நேரடியாகப் போட்ட டிக்கெட்டுக்குத்தான் அது. எங்களைப் போன்ற கடைகளிலோ வேறு செயலிகளிலோ போட்டால் அந்த உரிமை இல்லை. சின்ன ஊர்களில் முதல்முறை பறப்பவர்களில் எத்தனையோ பேர் கடைக்கு வந்துதான் டிக்கெட் போடுகிறார்கள், அவர்களுக்குத்தான் இந்தச் சலுகை அதிகம் தேவை.

குழந்தைகள் பற்றி ஒரு விஷயம். அடையாள அட்டையோடு வரும் பெற்றோர் கூட்டிப் போனால் பிள்ளைகளுக்குத் தனியாக அட்டை வேண்டாம் என்று அதே 2017 உத்தரவு சொல்கிறது. பெற்றோர் என்றுதான் அதில் இருக்கிறது. லீவுக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு போகும் தாத்தா பாட்டியும் தாய்மாமனும் பிள்ளையின் ஆதாரையோ பள்ளி அடையாள அட்டையையோ கட்டாயம் எடுத்துப் போங்கள். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் வயதைக் காட்ட பிறப்புச் சான்றிதழ், இதை விமான நிறுவனம் கவுன்டரில் கேட்கும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. டிக்கெட் போட்டதும் விமான நிறுவனங்கள் எத்தனை குறுஞ்செய்தி அனுப்புகின்றன, சீட்டு வாங்கு, சாப்பாடு வாங்கு, கூடுதல் லக்கேஜ் வாங்கு என்று. அதோடு, ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரிஜினல் அட்டை கொண்டுவர வேண்டும், ரேஷன் கார்டு செல்லாது, டிக்கெட்டில் உள்ள பெயர் அட்டையில் உள்ளபடி இருக்க வேண்டும் என்று தமிழில் மூன்று வரி அனுப்பட்டும். டிக்கெட் போட்ட அன்றே ஒரு தடவை, கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு தடவை. டிக்கெட்டில் இருக்கும் மகனின் நம்பருக்கு வந்தாலும் பரவாயில்லை, அவர் வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்வார். இன்ஷியல் விரிந்திருப்பதையும் விரியாமல் இருப்பதையும் பெயர் வேறுபாடாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பி.சி.ஏ.எஸ். எழுத்தில் ஓர் உத்தரவு போட்டால் வாசலில் நிற்கும் வீரருக்கும் நிம்மதி, அவரும் பயந்துகொண்டுதானே முடிவெடுக்கிறார். 24 மணி நேரத் திருத்த விதியைக் கடைகளில் போட்ட டிக்கெட்டுக்கும் டி.ஜி.சி.ஏ. கொண்டுவர வேண்டும். மதுரை, திருச்சி, கோவை, தூத்துக்குடி, சேலம் எல்லா விமான நிலையங்களிலும் வாசலுக்கு வெளியே, கார் வந்து நிற்கும் இடத்திலேயே, இந்தப் பத்து ஆவணங்களின் பட்டியலைத் தமிழில் கண்ணுக்குத் தெரிகிற அளவில் எழுதி வைக்க வேண்டும். காலையில் முதல் விமானத்துக்கு வருகிறவர்கள் கேள்வி கேட்கத் தமிழ் தெரிந்த ஒருவர் வாசல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

விமான நிலைய ஆலோசனைக் குழுக்கள் எம்.பி.க்கள் தலைமையில்தான் கூடுகின்றன. அந்தக் கூட்டங்களில் புதிய விமான சேவை, ஓடுபாதை நீட்டிப்பு பற்றியெல்லாம் பேசுகிறார்கள், அவசியம் பேச வேண்டியதுதான். அடுத்த கூட்டத்தில் இந்தப் பலகையையும் குறுஞ்செய்தியையும் பற்றிப் பேசி முடிவெடுக்கும்படி உங்கள் நாளிதழ் மூலமாக அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டிக்கெட் முகவர் ஒருவர்,
அருப்புக்கோட்டை