எங்கள் வீட்டு அச்சு எந்திரத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் முதல் நல்ல அட்டை அச்சாகி வந்தது. பொங்கல் வாழ்த்துதான், ஐந்தே வரி. அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவினால் எழுத்து தட்டுப்படுகிறது. அதற்காகத்தான் 14 மாதம் அலைந்தேன், நீங்களும் என்னோடு அலைந்தீர்கள். காசு கொடுத்தால் ஒருவரும் வாங்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால் இந்த மடல்.

ஆடுதுறையில் நான் நடத்துவது ஜெராக்ஸ் கடை. தினமும் நூற்றுக்கணக்கான பக்கம் கை வழியாகப் போகும், ஒன்றும் மனதில் தங்காது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு அம்மா தன் கல்யாணப் பத்திரிகையை நகல் எடுக்கக் கொண்டுவந்தார். 1971-ல் கும்பகோணத்தில் அடித்தது. ஓரத்து மஞ்சள் வெளுத்துப் போயிருந்தது, எழுத்து மட்டும் நேற்று அடித்த மாதிரி கருகருவென்று இருந்தது. பின்பக்கம் தடவினேன். ஒவ்வொரு எழுத்தும் காகிதத்துக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது. நகலில் அது வரவில்லை. அந்த அம்மாவுக்குத்தான் என் முதல் நன்றி. என்ன கொடுத்துவிட்டுப் போனோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

முதலில் டிரெடில் என்கிற, காலால் மிதித்து ஓட்டும் பழைய அச்சு எந்திரம் ஒன்று வாங்கத்தான் பார்த்தேன். நான் விசாரித்த அச்சகங்களில் எல்லாம் ஆஃப்செட் வந்ததும் அதை இரும்பு விலைக்குப் போட்டுவிட்டார்கள். மிஞ்சியிருந்த ஒன்றுக்குச் சொன்ன விலை என் கையில் இல்லை. சரி, நாமே செய்துகொள்வோம் என்று இறங்கினேன்.

அரிசி ஆலைப் பெரியப்பா, கொல்லையில் கிடந்த அந்த ஆறு அங்குலக் குழாயை நீங்கள் ஏன் என்றுகூடக் கேட்காமல் வண்டியில் ஏற்றி அனுப்பினீர்கள். அதுதான் இப்போது எங்கள் எந்திரத்தின் உருளை. தட்டையான பலகையால் அமுக்கினால் பக்கத்தில் இருக்கிற அத்தனை எழுத்துக்கும் ஒரே நேரத்தில் பலம் வேண்டும். உருளை ஒரு சமயத்தில் ஒரு கோட்டளவு இடத்தைத்தான் தொடும். அதனால் என் ஒருத்தியின் கைபலமே போதுமாக இருக்கிறது. தடித்த இரும்புத் தகடு ஒன்று, இரண்டு பக்கமும் தண்டவாளம் மாதிரி இரண்டு பட்டை, அதன்மேல் ஓடும் உங்கள் குழாய். எந்திரம் என்றால் அவ்வளவுதான்.

ஆனால் அந்த அவ்வளவையும் சரிக்குச் சரியாக நிறுத்தியது லேத் பட்டறை அண்ணன். ஈயத்தில் வார்த்த அச்செழுத்தின் உயரம் 0.918 அங்குலம், அதாவது 23.3 மில்லிமீட்டர். எல்லா எழுத்தும் அதே உயரம். பட்டையை அதைவிடச் சரியாக ஒரு மில்லி உயர்த்தி வைத்து, உருளைமேல் சாதாரண ஜெராக்ஸ் தாள் பத்தைச் சுற்றினால் அந்த ஒரு மில்லி நிரம்பிவிடும். அதற்குமேல் வருகிற அட்டையின் கனம்தான் அழுத்தம். போதவில்லையா, இன்னொரு தாளைச் சுற்று. கூடிவிட்டதா, ஒன்றை உருவு. இது அண்ணன் சொன்ன கணக்கு. நான் ஸ்பிரிங், திருகு என்று என்னென்னவோ வரைந்துகொண்டு போயிருந்தேன்.

முதல் தடவை உருட்டியபோது நடுவில் எழுத்து தாளைக் கிழித்தது, இரண்டு ஓரத்திலும் ஒன்றுமே விழவில்லை. குழாய் நடுவில் அரை மில்லி பருத்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத அரை மில்லி! அது அறுவடை நேரம். பட்டறை வாசலில் அறுப்பு மெஷின்கள் வரிசையாக நின்றன. பகலெல்லாம் அந்த வேலையைப் பார்த்துவிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்குமேல் என் குழாயை லேத்தில் ஏற்றினீர்கள் அண்ணா. மேடுபள்ளம் அளக்கிற டயல் கேஜின் முள் ஆடாமல் நிற்கிற வரைக்கும் மூன்று ராத்திரி. அண்ணி கொண்டுவந்த இட்லி ஆறிப் போனதையும் நான் மறக்கவில்லை. அண்ணிக்கும் நன்றி.

எழுத்து கிடைத்தது பழைய இரும்புக் கடையில். ஈய விலைக்கு வாங்கி, உருக்கப் போடுவதற்காக மூட்டை கட்டி வைத்திருந்தார் கடைக்கார பாய். நான் கேட்டதும், வாங்கின விலைக்கே எடுத்துக்கொள் அம்மா என்று 62 கிலோவையும் நிறுத்துக் கொடுத்துவிட்டார். எல்லாம் ஒன்றாய்க் கலந்து, மையும் தூசும் அப்பிக் கிடந்தன. மண்ணெண்ணெயில் அலசி, அம்மாவும் எதிர்வீட்டு அத்தையும் பக்கத்துவீட்டுச் சித்தியும் முறத்தில் போட்டு, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பி இருக்கும். மூன்றாம் நாளே அத்தைக்கு அது பழகிவிட்டது. சித்தி கடைசி வரைக்கும் ஒவ்வொன்றையும் கைக்கண்ணாடியில் காட்டித்தான் போட்டார். தாமதம்தான், ஆனால் அவர் பிரித்த குவியலில் தப்பே இல்லை.

இனி கம்பாசிட்டர் தாத்தா. உங்களைப் பற்றி எழுத இந்த மடல் முழுவதும் போதாது.

1966-ல் பதினேழு வயதில், எழுத்தை வரிசையாகக் கோக்கிற ஸ்டிக்கைக் கையில் பிடித்து, 31 வருஷம் கும்பகோணத்தில் அச்சுக் கோத்தவர். வந்ததும் எந்திரத்தைப் பார்க்கவில்லை, முறத்தைத்தான் பார்த்தார். இது ஈயம், இந்த முறத்தை மறுபடியும் அரிசிக்கு எடுக்காதீர்கள், சோப்புப் போட்டுக் கை கழுவாமல் ஒரு வெற்றிலைகூடப் போடாதீர்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள் என்றார். அப்புறம் பிரித்து வைத்த குவியல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, துணைக்கால் (ா) குவியலில் இருந்து ரகரத்தையும், ரகரக் குவியலில் இருந்து காலையும் எடுத்து மாற்றிப் போட்டார். எங்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. அடியில் இருக்கிற அந்தச் சின்னச் சாய்வைப் பார் என்று காட்டினார்.

கேஸ், அதாவது எழுத்துகளைப் பிரித்துப் போட்டு வைக்கிற அறை அறையான தட்டு, அதை அடுக்குவதற்கு நாலு ஞாயிறு ஆயிற்று. தமிழுக்கு அறை நிறைய வேண்டும். உகர, ஊகார வரிசைக்கு மட்டுமே 36 தனி எழுத்து. கொம்பு தனி, இரட்டைக் கொம்பு தனி, கால் தனி. 'கொ' கோக்க மூன்று துண்டை எடுக்க வேண்டும். எந்த அறையில் எது என்று தாத்தாவை எழுதித் தரச் சொன்னேன். யோசித்துப் பார்த்தார், வரவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு வெறுங்கையை வெறும் கேஸ்மேல் ஓட்டினார். கை போய் நின்ற இடத்தில் நான் சாக்பீஸால் எழுதிக்கொண்டே வந்தேன்.

மூட்டையில் யானைத் துதிக்கை மாதிரி வளைவு வைத்த பழைய லை, னை எல்லாம் ஒரு கைப்பிடி இருந்தன. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து 13 எழுத்து மாறியபோது தாத்தா வேலையில் இருந்தார். அதற்கப்புறமும் கொஞ்ச நாள் கை பழைய அறைக்கே போகும் என்றார். அவற்றை உருக்க அவருக்கு மனம் வரவில்லை. தனி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம். உருக்குவதற்கு உடைந்த எழுத்துகளே போதுமாக இருந்தன.

ஏன் உருக்கினோம் என்பதையும் சொல்ல வேண்டும். அட்டையில் வாழ்த்து, மகிழ்ச்சி, வாழ்க என்று மூன்று 'ழ்' வேண்டும். எங்களிடம் இருந்தது ஒன்றுதான். வார்த்தையை மாற்றிவிடலாம் என்று நான் சோர்ந்து உட்கார்ந்தபோது, எனக்குப் பள்ளியில் சரித்திரம் எடுத்த சார்தான் தரங்கம்பாடிக்குப் போய்விட்டு வா என்றார். போனேன். ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கிய ஊர். ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்து 1713-ல் வந்து சேர்ந்தது. அளவு பெரிதாக இருந்ததால் காகிதம் போதவில்லை. உடனே அங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். காகிதத்துக்குப் பக்கத்துப் பொறையாற்றில் ஆலையே வைத்தார்கள். மாயவரம் வழியாகப் பஸ்ஸில் போகிற தூரத்தில் இது நடந்திருக்கிறது. சார், நீங்கள் அன்றைக்குச் சொல்லாவிட்டால் அந்த அட்டையில் 'ழ்' இருந்திருக்காது.

நாமும் 'ழ்' வார்த்துக்கொள்ளலாம் என்று, சுவாமிமலை ஸ்தபதி ஐயாவிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். சாமி சிலை வார்க்கிற கையிடம் அரைவிரல் நீள எழுத்தைக் கொண்டுபோய் எப்படிக் கேட்பது? அவர் எங்கள் ஒற்றை 'ழ்'-ஐ வாங்கிக் காவிரி வண்டல் மண்ணில் அழுத்தி எடுத்து, வெயிலில் காயவைத்தார். வெண்கலத்துக்கு ஆயிரம் டிகிரி பக்கம் சூடு வேண்டும், இந்த ஈயக் கலவைக்கு முந்நூறைத் தாண்டினாலே போதும். ஆனால் சின்ன எழுத்து, ஓரம் மழுங்கிவிடும். ஒன்பது வார்த்ததில் இரண்டுதான் தேறின. அந்த இரண்டும் உயரத்தில் மயிரிழை குறைவு. அடியில் மெல்லிய தாளை ஒட்டிச் சமமாக்கினோம். அட்டையில் 'வாழ்க' என்ற சொல்லை உற்றுப் பார்த்தால் அந்த 'ழ்' மட்டும் கொஞ்சம் தடித்திருக்கும். ஐயா, எனக்கு அந்த அட்டையில் ரொம்பப் பிடித்த எழுத்து அது.

ஆசாரி மாமா, பழைய தேக்கு ஜன்னலை அறுத்து நீங்கள் கொடுத்த கட்டையும் ஆப்பும்தான் எழுத்தைச் சட்டத்துக்குள் இறுக்கிப் பிடிக்கின்றன. ஐப்பசி மழையில் ஊறிப் பருத்து, கழற்றவே முடியாமல் போனதும், ஒரு வாரம் ஆளிவிதை எண்ணெயில் போட்டு எடுத்துத் தந்தீர்கள். அதற்கப்புறம் கார்த்திகை மழையிலும் அசையவில்லை. அரை டப்பா மையும் கைரோலரும் கொடுத்த ஆஃப்செட் அச்சகத்து அண்ணனுக்கும், திண்ணையை விட்டுக்கொடுத்த அப்பாவுக்கும் நன்றி.

கடைசியாக ஒன்று. பழைய பத்திரிகைகளில் அடியில் அச்சகத்தின் பேர் இருக்கும், கோத்தவர் பேர் இருக்காது. அதனால் தாத்தாவுக்குத் தெரியாமல், அட்டையின் அடியில் 'அச்சுக் கோத்தவர்' என்று அவர் பேரை நானே சின்ன எழுத்தில் கோத்து வைத்தேன். இந்த மடலில் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அட்டையில் இருக்கிறது. புரூப் எடுத்துக் கொடுத்தபோது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியையே வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய், சட்டத்தைத் தளர்த்தி, அவர் பேரில் கால் வர வேண்டிய இடத்தில் நான் வைத்திருந்த ரகரத்தை எடுத்துவிட்டுக் காலை வைத்து இறுக்கினார். அப்புறம், "ம், உருட்டு" என்றார்.

அட்டைகள் காய்ந்துகொண்டிருக்கின்றன. போகிக்குள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நானே கொண்டுவந்து தருகிறேன்.

என்றும் நன்றியுடன்,
ஆடுதுறை ஜெராக்ஸ் கடைப் பெண்