'ஸ்தெக்லோ' கடன்சொல்லே

ஆசிரியர் அவர்களுக்கு,

கண்ணாடியைக் குறிக்கும் ரஷ்யச் சொல் 'ஸ்தெக்லோ'வும், பழைய ஜெர்மானிய மொழிகளில் ஒன்றான கோத்தியத்தில் கிண்ணத்தைக் குறிக்கும் 'ஸ்திக்ல்ஸ்'சும் ஒரே வேரிலிருந்து தனித்தனியே கிளைத்தவை என்று தங்கள் சொல்லாய்வுப் பகுதியில் வந்திருந்தது. அது சரியல்ல. ரஷ்யம், செக், போலிஷ் ஆகியவற்றின் தாய்மொழியான ஆதி ஸ்லாவியம், ஜெர்மானிய மொழியிலிருந்து கடன் வாங்கிய சொல் அது.

சான்று ககரத்தில் இருக்கிறது. நம் எழுத்தில் ஒன்றுதான். ஓசையில் 'பக்கம்' வேறு, 'பங்கு' வேறு. ஸ்லாவியம், ஜெர்மானியம், கிரேக்கம் எல்லாவற்றுக்கும் மூலமான இந்தோ-ஐரோப்பியத்தில், 'குத்து' என்று பொருள்படும் வேரில் இருந்தது 'பங்கு' ஓசை. பழைய கிரேக்க 'ஸ்டிக்மா'வில் இருப்பது அந்த ககரமே. ஜெர்மானிய மொழிகளில் அது 'பக்கம்' ஓசையாக வலித்தது. ஸ்லாவியத்தில் இந்த மாற்றம் நடக்கவில்லை. சொந்தச் சொல்லாக இருந்திருந்தால் 'பங்கு' ஓசைதான் வந்திருக்க வேண்டும். வந்திருப்பதோ 'பக்கம்' ஓசை. ஜெர்மானியர் வாயில் வலித்த பிறகே ஸ்லாவியர் அதை வாங்கியிருக்கிறார்கள்.

இன்றைய வடிவங்களை வைத்து ஒப்பிட்டால் தவறு நேரும். செக் மொழியில் 'ஸ்க்லோ', போலிஷில் 'ஷ்க்வோ'. இரண்டிலும் தகரமே இல்லை. ஆதி ஸ்லாவிய வடிவில் தகரத்தை அடுத்து, நம் குற்றியலிகரம்போல் தேய்ந்த ஓர் இகரம் இருந்தது. அது மறைந்ததும் மெய்கள் நெருங்கி, தகரம் விழுந்தது. ரஷ்யத்தில் அந்த இகரம் எகரமாகித் தப்பியது. கோத்தியக் குறில் இகரத்துக்கு ஸ்லாவியத்தில் இந்தத் தேய்ந்த இகரம் வருவது ஒழுங்கான பொருத்தம்.

கிண்ணம் எப்படிக் கண்ணாடியாகும் என்ற ஐயம் எழலாம். 4ஆம் நூற்றாண்டில் கோத்தியரின் ஆயர் உல்ஃபிலா மொழிபெயர்த்த கோத்திய விவிலியத்தில், மத்தேயு 10:42இல் குளிர்ந்த நீர் 'ஸ்திக்ல்ஸ்'ஸில்தான் கொடுக்கப்படுகிறது. அங்கே அது வெறும் கிண்ணம். ஸ்லாவியர் பாத்திரத்தின் பெயரை அது செய்யப்பட்ட பொருளுக்கு வைத்துக்கொண்டார்கள். நாமும் அதைச் செய்திருக்கிறோம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் 'பீங்கான் ஜாடி' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தப் 'பீங்கான்' பாரசீகத்தில் கிண்ணம்தான். இங்கே வந்து மண்ணின் வகைக்குப் பெயராகிவிட்டது.

செட்டிநாட்டு வழக்குச் சொற்களைத் தொகுக்கும் இளைஞர்கள் இப்போது பலர். அவர்கள் தங்கள் பகுதியை நம்பிப் படிக்கிறார்கள் என்பதால், திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

– வாசகர், காரைக்குடி