என்.பி.ஏ. தரவரிசைக்குப் புள்ளி நிரல் எதற்கு?

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வரும், அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான என்.பி.ஏ. கூடைப்பந்தாட்டத்தின் தரவரிசை, உதைபந்தாட்ட அட்டவணையைப் பார்த்துப் போட்டதுபோல் இருக்கிறது. வெற்றிக்கு 2 புள்ளி, நடுவில் எந்நாளும் வெறுமையாகக் கிடக்கும் ‘சமநிலை’ நிரல். என்.பி.ஏ.யில் சமநிலையே கிடையாது. 48 நிமிடத்தில் முடிவு வராவிட்டால், வரும்வரை ஐந்தைந்து நிமிட மேலதிக நேரம். தரவரிசைப் புள்ளியும் இல்லை; வென்றால் 2, தோற்றால் 1 என்பது நாங்கள் பழகிய சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளன விதி.

அங்கே வெற்றி வீதம்தான், அதாவது வென்ற ஆட்டங்களை ஆடிய ஆட்டங்களால் பிரித்தால் வருவதுதான், கணக்கு. பருவகாலம் முடிய எல்லா அணியும் 82 ஆட்டம் ஆடியிருக்கும், ஜனவரியில் அப்படியிராது. 30 வென்று 20 தோற்ற அணியையும் 28 வென்று 16 தோற்ற அணியையும் எடுங்கள். தங்கள் கணக்கில் 60 புள்ளியுடன் முன்னது மேலே, 56 உடன் பின்னது கீழே. வீதத்தில் முன்னது .600, பின்னது .636. வரிசை தலைகீழ். எத்தனை ஆட்டம் பின்தங்கியது என்றும் காட்டலாம்: வீதத்தில் மேலுள்ள அணியின் வெற்றியில் கீழுள்ளதன் வெற்றியைக் கழித்தால் −2; கீழுள்ளதன் தோல்வியில் மேலுள்ளதன் தோல்வியைக் கழித்தால் 4. கூட்டி இரண்டால் பிரித்தால் 1. ஆக, 30 வெற்றி பெற்ற அணி ஓர் ஆட்டம் பின்னால்.

முப்பது அணியையும் ஒரே பட்டியலில் அடுக்குவதும் சரியில்லை. கிழக்கு 15, மேற்கு 15 என்று பிரித்து, 6ஆம் இடத்துக்குக் கீழும் 10ஆம் இடத்துக்குக் கீழும் கோடு போடுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் ஆறு அணிகளும் நேரே, சம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஒவ் சுற்றுக்கு. ஏழாவதும் எட்டாவதும் மோதி வென்றவருக்கு 7ஆம் இடம். தோற்றவர், 9–10 ஆட்டத்தில் வென்றவருடன் 8ஆம் இடத்துக்காக மோத வேண்டும். 2023இல் மயாமி அணி, 44 வெற்றி, 38 தோல்வி என்ற பெறுபேற்றுடன் வந்து, அட்லாண்டாவிடம் தோற்று, சிகாகோவை வென்று, எட்டாவதாக நுழைந்து இறுதிச் சுற்றுவரை போனது. அங்கே டென்வர்தான் 4–1 என்ற ஆட்டக் கணக்கில் மறித்தது.

திகதியும் அவசியம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 7 மணி ஆட்டம், குளிர்காலத்தில் எங்களுக்கு மறுநாள் காலை 5.30, மேற்குக் கரையில் என்றால் 8.30. பத்திரிகை வாசலுக்கு வரும் நேரத்தில் அங்கே ஆட்டம் முடிந்திராது. ஒரு நாள் பிந்துவது குறையல்ல. எத்தனையாம் திகதி ஆட்டம்வரை சேர்த்தது என்று ஒரு வரி போட்டால் போதும்.

டிசம்பரில் நடக்கும் என்.பி.ஏ. கிண்ண இறுதியாட்டத்தைக் கூட்ட வேண்டாம். கிண்ணத்தின் மற்ற ஆட்டங்கள் 82இல் அடங்கும், அது மட்டும் அடங்காது.

கூடைப்பந்தாட்ட வாசகர்,
கொக்குவில்.